இரண்டு கையாலும்

குவாங்சோ
20 செப்டெம்பர், சனிக்கிழமை

என் அன்பு மகள் தர்சினிக்கு,

சீனாவிலிருந்து அம்மா எழுதுவது. அப்பா நலம். நான் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம். அங்கே சிட்னியில், எங்கள் கிரவீன் வீட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, வாசல் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா என்பதுதான் எனக்குக் கவலை. இரண்டில் ஒன்றாவது நடக்கும் என்று நம்புகிறேன்.

போன் இருக்க இதென்ன கடிதம் என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கேயே தெரிகிறது. போனில் நான் எப்படிக் கதைப்பது? நான் வாயைத் திறந்தால் அப்பா காது இரண்டையும் என் பக்கம் திருப்பிவிடுகிறார். நீயும் "வேலையில நிக்கிறன் அம்மா" என்று வெட்டிவிடுகிறாய். அதனால் அவர் உடம்பெல்லாம் ஊசி குத்திக்கொண்டு அசையாமல் படுத்திருக்கும் நேரம் பார்த்து எழுதி, பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். மழையிலும் உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்குத்தான். வாசிக்கக் கஷ்டமென்றால் செந்தூரனிடம் கொடு. மாப்பிள்ளை ஆகப்போகிறவர் மாமியாரின் கையெழுத்தையும் பழகத்தானே வேண்டும்.

இந்த ஆஸ்பத்திரியை நீ பார்க்கவேண்டும், பிள்ளை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவர் இருமினால் அடுத்த கட்டிடத்துக்குக் கேட்கும், அவ்வளவு அமைதி. இங்கே தினமும் தேர்த்திருவிழா. ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று சொந்தக்காரர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். விறாந்தை முடிவில் சுடுதண்ணீர்க் குழாய் இருக்கிறது. அங்கே ஐந்து நிமிடம் நின்றால் வார்டுப் புதினம் முழுவதும் கிடைக்கும். மொழி தெரியாதது ஒன்றுதான் குறை, ஆனால் யாருடைய மருமகள் சரியில்லை என்பதை நான் எப்படியோ கண்டுபிடித்துவிட்டேன்.

முதல் நாள் அப்பாவின் முகம் கழுவித் திருநீறு பூசிவிட்டேன். ஒரு சின்னத் தாதி ஓடிவந்து ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டாள். நான் மறுபடி பூசினேன். அவள் மறுபடி துடைத்தாள். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் போனில் மொழிபெயர்த்து, இது எங்கள் கடவுளுக்கு உரியது என்று காட்டினேன். இப்போது காலையில் நெற்றி வெறுமையாக இருந்தால் அவளே தன் நெற்றியில் விரலால் கோடு இழுத்து எனக்கு ஞாபகப்படுத்துகிறாள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், நோயாளிகளின் வீட்டார் சமைப்பதற்கென்றே அடுப்பு வாடகைக்கு விடும் குசினி ஒன்று இருக்கிறது. வரிசையாக அடுப்பு, வரிசையாகப் பெண்கள், நடுவில் நான். அந்தக் கடைக்காரி வாசலில் தரையோடு ஒரு குட்டிச் சாமி வைத்து, தோடம்பழம் படைத்து, ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறாள். எந்தச் சாமி என்று தெரியாது. சாமி சாமிதானே என்று நான் விழுந்து கும்பிட்டேன். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றையிலிருந்து ஜன்னலோரத்து அடுப்பு எனக்குத்தான்.

எங்கள் அறையில் இன்னொரு கட்டிலில் லியாங் என்று ஒரு மனிதர். ஆற்றில் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்பாவைப் போல அவருக்கும் ஸ்ட்ரோக், அவருக்கும் வலக்கைதான் விளங்காது. அவரும் அப்பாவும் ஒரு சொல் கதைக்க முடியாது, ஆனால் நாள் முழுக்கக் கடதாசிச் சீட்டு விளையாடுகிறார்கள். அப்பா களவு விளையாடுகிறார் என்பது லியாங்குக்கும் விளங்கிவிட்டது.

இனி நான் எழுத வந்த விஷயம். நாங்கள் புறப்பட்ட அன்று நீ விமான நிலையத்துக்கு வரவில்லை. கோபம் எனக்கு விளங்குகிறது. நீ வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோ. ஒரு வருஷத்துக்கு மேலாகத் திரும்பாத கை இனித் திரும்பாது என்று படித்த பிள்ளை சொல்ல, அம்மா ஊசி வைத்தியத்தில் கை திரும்பும் என்ற யோகராணி அக்காவின் பேச்சைக் கேட்டு அப்பாவைச் சீனாவுக்குக் கொண்டு போகிறாளே என்று உனக்கு எரிச்சல். அதைவிடப் பெரிய கோபம் அப்பாவில். தையில் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டியவர், "இடக்கையால என்ர பிள்ளையைக் குடுக்கமாட்டன்" என்று மெல்பேர்ணில் இருக்கும் கஜீவன் சித்தப்பாவைக் கேட்டுவிட்டார். நீ ஒரு தரம் அழுது கேட்டாய். அப்பா மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு இருவரும் சாப்பாடு, மருந்து தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

அவர் பிடிவாதத்தில் சொல்லவில்லை, தர்சி. எந்தக் கலியாண வீட்டிலும் பந்தியில் முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பரிமாறினவர். பஸ் ஓட்டிக் களைத்து வந்தாலும் அதை விடமாட்டார். இப்போது திருநீறு வாங்க இடக்கையை நீட்டவேண்டி வருமே என்று கோயிலுக்கே போவதில்லை. இடக்கையால் சாப்பிடுவதைப் பார்ப்பார்களே என்று ஒரு வீட்டுக்கும் போவதில்லை. அப்படிப்பட்டவர் சபை நடுவில் உன் கையை எந்தக் கையால் எடுப்பார்?

ஆகவே ஒன்று கேட்கிறேன். ஐயரிடம் இன்னும் சித்தப்பாவின் பெயர் நட்சத்திரம் கொடுக்காதே. நான் அப்பாவின் கையைக் கொண்டு வருவேன். இங்கே டொக்டர் நல்ல மனுஷி. நேற்று ஊசி போட்டபோது சுட்டுவிரல் துடித்ததை என் கண்ணால் கண்டேன்.

சந்நிதியான் துணை இருப்பான்.

அன்புடன்
அம்மா ரஞ்சினி


குவாங்சோ
28 செப்டெம்பர், ஞாயிறு

அன்பு மகளுக்கு,

உன் மறுமொழி கிடைத்தது. என் ஏழு பக்கத்துக்கு உன் ஒரு வரி: "தோள் நோகுதெண்டால் கையை இழுக்க விடாதேங்கோ." நல்லது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

பிள்ளை, நாங்கள் வெளியே போகத் தொடங்கிவிட்டோம். காலை வைத்தியம் முடிந்தால் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். எனக்குத் தலைகால் தெரியவில்லை. சிட்னியில் அப்பாவைப் பென்டில் ஹில் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போவதென்றால் நான் நாலு நாள் கெஞ்சவேண்டும். தெரிந்தவர் கண்டால் கை எப்படி என்று கேட்பார்களாம். இங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சக்கர நாற்காலியில் ஏறி இருந்துகொண்டு "எங்க இண்டைக்கு?" என்று அவரே கேட்கிறார்.

முதலில் பூங்கா. என்னுடைய வயதுப் பெண்கள் ஒரு கூட்டம், பெரிய ஸ்பீக்கர் வைத்து வரிசை வரிசையாக ஆடுகிறார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். ஒருத்தி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். நான் மாட்டேன் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். எல்லோரும் வலப்பக்கம் திரும்ப நான் இடப்பக்கம் திரும்பி ஒருத்தியின் காலை மிதித்துவிட்டேன். அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் ஏறியது, சிரிப்பு முழுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

அதே பூங்காவில் ஒருவர் வீடு கூட்டும் தும்புத்தடி அளவு தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து நிலத்துக் கல்லில் எழுதுகிறார். என்ன அழகான எழுத்து. வெயிலில் அது காய்ந்து போகிறது, அவர் மறுபடி எழுதுகிறார். அப்பாவிடமும் தூரிகையை நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்குமுன் அப்பா இடக்கையால் வாங்கி உன் பெயரை எழுதினார். "னி" எழுதி முடிக்கும்போது "த" காய்ந்துவிட்டது. சீனர்கள் எல்லோரும் எங்கள் எழுத்தின் சுழிகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அப்பா மறுபடி முதலிலிருந்து எழுதினார்.

வெள்ளிக்கிழமை லியாங்கின் மனைவி எங்களை யம்சாவுக்கு, தேநீரும் கொழுக்கட்டையும் சாப்பிட, கூட்டிப் போனா. நவராத்திரி, அதனால் எனக்கு மரக்கறிக் கொழுக்கட்டை. அப்பா சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறால் கொழுக்கட்டையை ஒரு பிடி பிடித்தார். உன் பட்டமளிப்புக்குப் பரமற்றாவில் யம்சா சாப்பிட்டோமே, ஞாபகமா? இது அதற்கு மேல். தேநீர் ஊற்றினால் நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையில் தட்டவேண்டுமாம். அப்பா தட்டிக்கொண்டே இருந்தார், அவர்கள் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

நீ கவனித்தாயோ தெரியாது. அப்பா ஆட்களுக்கு முன்னால் சாப்பிட்டார். சனம் நிறைந்த மண்டபத்தில், இடக்கையால், கரண்டி பிடித்து. இங்கே எவருமே கையால் சாப்பிடுவதில்லை, ஆகவே எந்தக் கை என்று பார்க்கவும் எவருக்கும் தோன்றவில்லை. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். கண்ணூறு படக்கூடாது என்று மேசைக்குக் கீழே காலை மட்டும் நிலத்தில் தட்டினேன்.

விரல்களைப் பற்றிப் போனில் கேட்டாய். அது பற்றிப் பிறகு எழுதுகிறேன். குசினிக்குப் போகவேண்டும், ஜன்னலோரத்து அடுப்பை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.

கறிவேப்பிலை உயிரோடு இருக்கட்டும்.

அம்மா


குவாங்சோ
5 அக்டோபர், ஞாயிறு

என் கண்ணான மகள் தர்சினிக்கு,

இதை ஆறுதலாக இருந்து வாசி. வேலை இடத்தில் வைத்து வாசிக்காதே.

முதலில் விரல். நீ சொன்னதுதான் சரி. டொக்டர் போன செவ்வாய்க்கிழமை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, போனில் மெல்ல மெல்லப் பேசி மொழிபெயர்த்துக் காட்டினா. நடை திருந்தியிருக்கிறது, இன்னும் திருந்தும். கை திரும்பாது. துடித்த விரல் ஊசிக்குத் துடித்த விரல்தான். நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு நேரே சுடுதண்ணீர்க் குழாயடிக்குப் போய் அழுதேன். அங்கே நின்ற பெண்களில் ஒருத்தி என் போத்தலை வாங்கி நிரப்பித் தந்தாள்.

அறைக்கு வந்தால் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு முதலே தெரியும். நீர் சந்தோசமா ஓடித் திரிஞ்சீர், அதால சொல்லேல்லை" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னை ஏமாற்றினாரே என்று அன்று மத்தியானம் அவரோடு பேசவில்லை. பின்னேரம் லியாங்கை ஊசிக்குக் கொண்டு போன நேரம், கடதாசி விளையாட ஆள் இல்லை என்று என்னைக் கெஞ்சினார், விட்டுவிட்டேன்.

ஆனால் தர்சி, நான் இதை அழுதுகொண்டு எழுதவில்லை. இங்கே ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

சரஸ்வதி பூசை அன்று கடலை அவிக்க நினைத்தேன். கடையில் கையையும் காலையும் ஆட்டிக் கொண்டைக்கடலை வாங்கி, ஊறவைத்து, வாடகை அடுப்பில் அவித்துத் தாளித்தேன். குசினி முழுக்கத் தும்மல். கடைக்காரி ஒரு கிண்ணம் எடுத்துத் தன் குட்டிச் சாமிக்கும் வைத்தாள். வார்டில் போனில் சரஸ்வதி படத்தை வைத்தேன். முன்னால் வைக்கப் புத்தகம் இல்லை. அப்பாவின் எக்ஸ்ரேப் படங்களை அடுக்கி அதற்குப் பூ வைத்தேன். படித்தவர்கள் எடுத்த படம்தானே.

அன்றைக்குத்தான் லியாங் வீட்டுக்குப் போகும் நாளும். உடுப்பு மாற்றி, மகனின் காருக்குக் காத்திருந்தார். போகுமுன் ஒரு பை நிறையத் தோடம்பழத்தோடு கட்டில் கட்டிலாக வந்தார். இங்கே ஒரு பொருளைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையாலும்தான். அது அவர்களுடைய மரியாதை. நான் வந்த நாளிலிருந்து பார்த்தும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. லியாங் செய்ததைக் கேள். உயிரில்லாத வலக்கையை இடக்கையால் கீழிருந்து தூக்கினார். மனைவி அந்த வலது உள்ளங்கையில் ஒரு பழத்தை வைத்தா. அப்படியே ஏந்திக்கொண்டு வந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். அப்பாவுக்கும் நீட்டினார். அப்பா பழத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையால் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கடலையைக் கடதாசிக் கோப்பைகளில் போட்டு வார்டுக்குக் கொடுக்கப் புறப்பட்டேன். "நில்லும்" என்றார் அப்பா. கட்டிலிலிருந்து எழும்பினார். தன் வலக்கையை இடக்கையால் தூக்கிப் பிடித்தார். "இதில வையும்" என்றார். நான் ஒரு கோப்பையை அந்த உள்ளங்கையில் வைத்தேன். முதல் கோப்பை லியாங்குக்கு. லியாங் தன் வலக்கையைத் தூக்கி ஏந்தினார். அப்பா தன் வலக்கையைச் சரித்தார். இரண்டு வலக்கையும் சும்மா கிடந்தன, இரண்டு இடக்கையும் கீழே நின்று வேலையைப் பார்த்தன. கடலை ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போனார். நான் பின்னால் தட்டத்தோடு போனேன், முந்தி பந்தியில் அவருக்குப் பின்னால் வாளியோடு ஆட்கள் ஓடுவார்களே, அப்படி. ஒருவருடைய போர்வையில் கொஞ்சம் கொட்டியது. அவர் அதையும் பொறுக்கிச் சாப்பிட்டார். அந்த வார்டில் ஒருவரும் அப்பாவின் கையைப் பார்த்து இரங்கவில்லை. இரண்டு கையாலும் தருகிறார், மரியாதையான மனிதர் என்று தலையைக் குனிந்து வாங்கினார்கள். கடைசியில் அந்தத் திருநீற்றுத் தாதிக்கும் கொடுத்துவிட்டு, "இன்னும் கிடக்கே, அடுத்த வார்டுக்கும் போவம்" என்றார். எங்கள் பந்திக்காரர் திரும்பி வந்துவிட்டார், பிள்ளை.

நேற்றுப் பின்னேரம் லியாங் முந்தி ஓட்டிய அதே வழியில் ஆற்றுப் படகில் போனோம். இங்கே இப்போது பெரிய விடுமுறை, படகு முழுக்கச் சனம், பிள்ளைகள் கையில் கொடி. அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று என் கையை எடுத்துத் தன் வலக்கையின் மேல் வைத்தார். இடக்கையைக் கீழே கொடுத்து இரண்டையும் சேர்த்துத் தூக்கினார். பாதி தூரம் தூக்கி இறக்கினார். மறுபடி தூக்கினார். பாரமா என்று கேட்டேன். "பழகோணும்" என்றார். நான் கேட்காமலே பிறகு சொன்னார்: "வலக்கையிலதானே இருக்கும் அவளின்ர கை. இடக்கை தாங்கத்தானே போகுது."

நான் பொறுக்கமாட்டாமல் இன்று காலையே ஐயருக்குப் போன் எடுத்தேன். "வலக்கையில பிள்ளையின்ர கை, இடக்கை அதைத் தாங்குது. இதில என்னம்மா குறை? பெரியாக்களுக்கு ஒண்டைக் குடுக்கேக்க நாங்களும் அப்பிடித்தானே குடுக்கிறம்" என்றார். தண்ணீர் வார்க்க நான் பக்கத்தில் நிற்கிறேன்.

எல்லாம் சரி. ஒன்றுதான் மிச்சம். நீங்களே தர்சியிடம் சொல்லுங்கோ என்றேன் அப்பாவிடம். "கேட்ட பிள்ளைக்கு மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். இனி என்ன முகத்தோட நானாப் போய்ச் சொல்லுறது?" என்கிறார். தாமாகக் கேட்கமாட்டார், மகள். நீ ஒரு தரம் கேட்டாய், அவர் உன்னை நோகடித்தார். அது நான் பக்கத்தில் நின்று பார்த்தது. இருந்தாலும் இன்னொரு தரம் கேள். சித்தப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டு வேட்டி வாங்கிவிட்டானாம். அதைக் கட்டிக்கொண்டு பந்திக்கு இறங்கட்டும், அப்பா மேற்பார்வை செய்வார்.

அந்தக் கையை உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல், குசினிக் கதிரையில் அவருக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு விரலாக மடக்கி விரித்தாயே. போதும், விடு என்று அவர் சொன்ன அன்று நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை சிட்னியில் இறங்குகிறோம். இந்த முறை நீ வரவேண்டும். வந்ததும் பெட்டியை இழுக்க ஓடாதே, சக்கர நாற்காலியைத் தள்ள நிற்காதே, தோள் நோகுதா என்று கேட்காதே. அவருக்கு முன்னால் வந்து, உன் கையை அவருடைய வலக்கையில் வைத்துவிட்டுச் சும்மா நில். மிச்சத்தை அவர் தூக்குவார். இங்கே என் கையில்தான் பழகுகிறார், ஆனால் அவர் தூக்கவேண்டியது உன் கையை.

நீயும் செந்தூரனும் குறையொன்றும் இல்லாமல் நீடு வாழவேண்டும். வா, பிள்ளை.

என்றும் உன்
அம்மா